ஹெட்விக்கின் வாரம்

சனிக்கிழமை சாயங்காலம் ஆகிவிட்டால் ஹெட்விக் பிட்ஸர் ஏப்ரனைக் கட்டி, தலைத்துணியை முடிந்து, தன் கதவுக்குப் பின்னால் வந்து நின்றுகொள்வார். காதைக் கதவில் ஒட்டுவது மரியாதை இல்லை என்று ஒரு சாண் தள்ளியே நிற்பார். சில வாரம் கீழிருந்து யாரோ படியேறி வருகிற சத்தம் கேட்கும். மாடிக்கு வந்ததும் அந்தக் காலடி அவர் கதவுக்கு நேரே ஒரு கணம் தயங்கும், அல்லது தயங்குவதாக அவருக்குத் தோன்றும். பிறகு எதிர்க்கதவில் டொக் என்று ஒரு சத்தம். பலகை மாட்டியாயிற்று. ஹெட்விக் ஏப்ரனை அவிழ்த்து ஆணியில் போட்டுவிட்டுக் காபிக்குத் தண்ணீர் வைப்பார்.

ஸ்வாபியப் பக்கத்தில் ஒருவர் ஊர்க்காரரா இல்லையா என்று தெரிந்துகொள்ள நகராட்சிக்குப் போக வேண்டியதில்லை. படிக்கட்டைக் கேட்டால் போதும். ஒவ்வொரு குடியிருப்பிலும் ஒரு சின்ன மரப்பலகை உண்டு. ‘பெருக்கும் வாரம்’ என்று வர்ணத்தில் எழுதியிருக்கும். அது யார் கதவில் தொங்குகிறதோ அவர்கள்தான் அந்த வாரம் படிகளைக் கழுவ வேண்டும், வாசல் நடைபாதையைப் பெருக்க வேண்டும், நிலவறைக்குப் போகிற படிகளையும் மறக்கக் கூடாது. சனிக்கிழமை அதை அடுத்த கதவில் மாட்டிவிடலாம். பலகை வராத கதவும் ஒரு கதவா என்றுதான் இங்கே கேட்பார்கள்.

அந்தக் கட்டடத்தில் நான்கு கதவுகள். கீழே ராப் ஐயா, தபால் துறையில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டு வாரத்தில் மனைவி பெருக்குவார், அவர் மேற்பார்வை பார்ப்பார். மற்றவர்கள் வாரத்திலும் மேற்பார்வை அவருடையதுதான். முதல் மாடியில் இருந்த தச்சர் குடும்பம் சொந்த வீடு கட்டிக்கொண்டு போய்விட்டது. இரண்டாம் மாடியில் படியேறியதும் ஹெட்விக்கின் ஒற்றை அறை, அதற்கு எதிரே ஐசலே அம்மாளின் வீடு. பலகை கீழிருந்து மேலே வரும், ஹெட்விக்கின் கதவைத் தாண்டும், ஐசலே அம்மாளிடம் ஒரு வாரம் இருக்கும், மறுபடி கீழே இறங்கிவிடும்.

தாண்டுவதில் பகை எதுவும் இல்லை. எல்லாம் பிரியம்தான். ஹெட்விக் குடிவந்த அன்றே ஐசலே அம்மாள் சொல்லிவிட்டார்: “உனக்கு எதுக்கு ஹெட்விக் இந்தத் தொல்லையெல்லாம்? உடம்பு சரியில்லாதவ நீ. சும்மா இரு. உன் பங்கையும் நாங்களே பாத்துக்கிறோம்.” அந்தக் கட்டடத்தில் எல்லாரும் எல்லாருக்கும் ‘நீங்க’. ஹெட்விக் மட்டும் ‘நீ’. அவர் “சரிம்மா” என்றார். மறுநாள் இரும்புக்கடைக்குப் போய் ஒரு பித்தளைக் கொக்கி வாங்கி வந்து, மற்றக் கதவுகளில் இருக்கிற அதே உயரத்தில் தன் கதவிலும் முடுக்கிக்கொண்டார். அதில் எதுவும் தொங்கவில்லை. அதனால் தேயாமல் இருக்கிறது. ஹெட்விக் அதை அவ்வப்போது மினுக்கி வைப்பார்.

ஒருமுறை பலகை இல்லாமலேயே படிகளைக் கழுவிப் பார்த்தார். “ஐயோ பாவம்” என்றார்கள். அன்று மாலையே அதே படிகளை முதலிலிருந்து மறுபடியும் கழுவினார்கள்.

ஐசலே அம்மாளைக் கெட்டவர் என்று யாரும் சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமை பிளம்ஸ் கேக் சுட்டால் எதிர்வீட்டுக்கு ஒரு துண்டு கட்டாயம் உண்டு. ஓரம் உடைந்த தட்டு ஒன்றில் அது வரும். கழுவித் திருப்பிக் கொடுத்தால் அந்தத் தட்டு மற்றத் தட்டுகளோடு அலமாரிக்குப் போகாது, ஜன்னலோரம் தனியாக உட்காரும். ஏன் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. தங்கை பிள்ளைகள் வந்து சூப் குடிக்க மாட்டேன் என்று அடம்பிடித்தால், “சாம்பல் பஸ் வருது பாரு, ஏத்தி விட்ருவேன்” என்று மிரட்டுவார். இந்தப் பக்கத்துப் பெண்கள் எல்லாரும் சொல்வதுதான். அந்தப் பஸ்ஸை நேரில் பார்த்த ஒருவர் இரண்டு கதவுக்கு அப்பால் உட்கார்ந்திருக்கிறார் என்பது அப்போது நினைவுக்கு வராது.

ஹெட்விக்குக்கு வேலை ஆற்றோரம் ‘ஆட்டுக்குட்டி’ விடுதியில், இஸ்திரி அறையில். மழையோ பனியோ, நடந்தே போவார். “நடந்தா சாப்பாடு செரிக்கும்” என்பார். பஸ்ஸில் ஏறியே தீரவேண்டிய ஊருக்கு அவர் போனதில்லை. இஸ்திரிப் பெட்டியின் அடியில் எச்சில் விரலைத் தொட்டு, எழுகிற சத்தத்தைக் கேட்டுவிட்டுத்தான் துணியில் வைப்பார். “அவசரப்பட்டா துணிக்கு வலிக்கும்” என்பார். மேஜை விரிப்பு, தலையணை உறை எல்லாம் முடிந்த பிறகும் பெட்டி சூடாக இருந்தால் தன் ஷூ நாடாக்களைக் கழற்றி அவற்றையும் தேய்ப்பார். “கை தங்கம்” என்று விடுதிக்காரர் வருகிறவர்களிடம் சொல்வார், “ஆனா முன்பக்கம் நிறுத்த முடியாது பாருங்க, சாப்பிட வர்றவங்களுக்கு ஒரு மாதிரி இருக்கும்.” விடுதிக்காரர் மகள் கல்யாணத்துக்குத் தொட்டி கழுவுகிறவர் முதல் எல்லாருக்கும் கூடத்தில் இடம் போட்டார்கள். ஹெட்விக்குக்கு இஸ்திரி அறைக்கே தட்டு வந்தது. “இங்கன்னா உனக்கு அமைதியா இருக்கும்” என்றார்கள். அமைதியாகத்தான் இருந்தது. சுவரின் அந்தப் பக்கம் விடிய விடிய ஆடினார்கள்.

அப்படி என்ன உடம்பு சரியில்லை என்று கேட்கலாம். பத்தொன்பது வயதில், ஒரு குளிர்காலத்தில், அவருடைய அம்மா இறந்துபோனார். ஹெட்விக் பேசுவதை நிறுத்திவிட்டார். பனி உருகியதும் தானாகவே பேசியிருப்பார். ஆனால் அதற்குள் ஊர்த்தலைவர், பள்ளி ஆசிரியர், டாக்டர் மூவரும் கூடிப் பேசிவிட்டார்கள். இவர் பிள்ளை பெறக் கூடாது என்று நீதிமன்றத்தில் தீர்ப்பாயிற்று. ஆஸ்பத்திரியில் வயிற்றை அறுத்து அந்தக் காரியத்தையும் முடித்தார்கள். “தையல் பிரிக்கிறப்ப குடல்வால் ஆபரேஷன்னு சொன்னாங்க” என்பார் ஹெட்விக். அதற்கு மேல் பேச மாட்டார். போர் முடிந்தபின் நகராட்சியில் போய்க் கேட்டார். “அது அன்னைக்கி இருந்த சட்டப்படி நடந்ததும்மா” என்றார்கள். சட்டப்படி நடந்தது என்றால் மேற்கொண்டு என்ன கேட்பது, வீட்டுக்கு வந்துவிட்டார்.

அறுத்த பிறகு மலைமேல் இருந்த மனநல விடுதிக்கு அனுப்பியிருந்தார்கள். அங்கே சலவைக்கூடத்தில் வேலை. போர் நடந்துகொண்டிருந்தபோது ஒரு நாள், ஜன்னல்களுக்கெல்லாம் வர்ணம் பூசிய சாம்பல் நிறப் பேருந்துகள் முற்றத்தில் வந்து நின்றன. பெயர் கூப்பிட்டார்கள். ஹெட்விக்கும் வரிசையில் போய் நின்றார். சலவைக்கூடத்து மேற்பார்வைக்காரர் ஓடி வந்து, “இவ போயிட்டா விரிப்பெல்லாம் யாரு துவைக்கிறது?” என்று கத்தி, அவரைச் சட்டைக் கையைப் பிடித்து வெளியே இழுத்துவிட்டார். பக்கத்துக் கட்டில் அகாத்தேவுக்கு ஒரு கால் சூம்பியிருந்தது. தொட்டி முன்னால் நிற்க முடியாது. அவர் ஏறிப் போனார். அந்தப் பேருந்துகளில் போன யாரும் உயிரோடு திரும்பவில்லை. சில நாள் கழித்து அகாத்தேவின் பச்சைக் கம்பளிச் சட்டை மட்டும் சலவைக்கு வந்தது. ஹெட்விக் அதைத் துவைத்தார், காயவைத்தார், தேய்த்து மடித்து அலமாரியில் வைத்தார்.

அன்று பிடித்த பயம் இன்னும் விடவில்லை. அவருக்கு இருட்டுக்குப் பயமில்லை, பசிக்குப் பயமில்லை. “நீ சும்மா இரு, உனக்கு வேலை வேண்டாம்” என்று யாராவது அன்பாகச் சொன்னால்தான் பயம். எதிர்வீட்டில் அதைத்தான் சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

போன நவம்பரில் முதல் மாடிக்குப் போல்சர் அம்மாள் வந்து சேர்ந்தார். கிழக்கே சிலேசியாவிலிருந்து துரத்தப்பட்டு முகாம் முகாமாக இருந்துவிட்டு வந்தவர். “இந்த அகதி ஜனங்க வீட்டுல ஒரே முட்டைக்கோஸ் வாசனை” என்று ராப் ஐயா மூக்கைப் பிடித்துக்கொண்டார். ஆனால் வந்த வாரமே பலகை அவர் கதவுக்குப் போய்விட்டது. அகதிக்கும் முறை உண்டு. அந்த டொக் சத்தத்தை மாடியிலிருந்து கேட்ட ஹெட்விக் அன்று காபி வைக்கவில்லை.

புது இடத்தில் எதுவும் தப்பாகிவிடக் கூடாது என்று பயந்து பயந்து வாழ்கிறவர் போல்சர் அம்மாள். தன் வாரத்தைச் சுத்தமாக முடித்தார். சனிக்கிழமை சாயங்காலம் பலகையை எடுத்துக்கொண்டு மேலே ஏறினார். மாடியில் முதல் கதவில் பளபளவென்று ஒரு கொக்கி இருந்தது. மாட்டிவிட்டு இறங்கிப் போய்விட்டார். இந்த ஊரில் பிறந்த யாருக்கும் இந்தத் தவறு வராது. கொக்கி இருக்கிற கதவுக்கெல்லாம் முறை இருக்காது என்பது அவர்களுக்குத் தெரியும்.

கதவுக்குப் பின்னால் நின்ற ஹெட்விக்குக்கு அந்தச் சத்தம் மார்பிலேயே விழுந்தது. ஆள் போகட்டும் என்று காத்திருந்து கதவைத் திறந்தார். பலகை கொஞ்சம் சாய்ந்திருந்தது. நிமிர்த்தி வைத்தார். உள்ளே போனார். மறுபடி திறந்து, இன்னும் இருக்கிறதா என்று பார்த்தார். மறுநாள் ஞாயிறு, துடைப்பத்தைத் தொடக் கூடாத நாள். ஒரு நாள் பூராவும் சும்மா இருக்க வேண்டும் என்பதுதான் அவருக்குப் பெரிய சோதனையாக இருந்தது.

சோதனை நீளவில்லை. தேவாலயத்திலிருந்து திரும்பிய ஐசலே அம்மாள் பலகையைப் பார்த்துவிட்டார். கேக் இல்லாமலே கதவைத் தட்டினார்.

“ஹெட்விக், ஒரு சின்னத் தப்பு நடந்துபோச்சு. கீழ்வீட்டுப் புது அம்மா தெரியாம மாட்டிட்டாங்க. எடுத்துக் குடு, நான் பாத்துக்கிறேன்.”

“தப்பில்லம்மா. கொக்கி இருக்கு.”

“கொக்கி இருந்தா ஆச்சா?”

“போல்சர் அம்மாவுக்கு அடுத்த கதவு என்னோடது. இந்த வாரம் என்னோடதும்மா.”

இத்தனை வருடத்தில் ‘சரிம்மா’ தவிர வேறு பதிலைக் கேட்டிராத ஐசலே அம்மாள் படிக்கட்டுப் பக்கம் திரும்பி ராப் ஐயாவைக் கூப்பிட்டார். ராப் ஐயா வீட்டுச் செருப்போடு ஏறி வந்தார். பின்னாலேயே போல்சர் அம்மாளும் வந்தார், முகம் வெளுத்துப்போய்.

“மன்னிச்சுக்குங்க. கொக்கி புதுசு மாதிரி மின்னுச்சு. நல்லாப் பெருக்குற வீடுபோலன்னு நெனச்சேன். நானே எடுத்துடறேன்” என்று கையை நீட்டினார்.

“தொடாதீங்க” என்றார் ராப் ஐயா.

அதற்குக் காரணம் இருந்தது. தச்சர் வீட்டுக்காரி இருந்த காலத்தில் அவரும் ஐசலே அம்மாளும் பலகையை ஒருவர் கதவிலிருந்து இன்னொருவர் கதவுக்குத் திருட்டுத்தனமாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். அப்போது ராப் ஐயா ஒரு விதி போட்டார்: எந்தக் கதவில் தொங்குகிறதோ அந்தக் கதவுக்காரர்தான் பலகையைக் கழற்றலாம், அதுவும் வாரம் முடிந்த பிறகு. பெட்டியில் விழுந்த தபாலைப் போட்டவரே வந்தாலும் எடுக்க முடியாது என்று தபால் பாஷையில் விளக்கமும் சொல்லியிருந்தார். வாழ்நாளில் ஒரு விதியையும் மீறாத மனிதர், இப்போது தன் விதியின் முன்னாலேயே செருப்பும் காலுமாக நின்றார்.

“நீயே கழட்டிக் குடுத்துடேன், ஹெட்விக். நல்ல பொண்ணுல்ல?”

நாற்பது தாண்டிய அந்த நல்ல பெண் பலகைமேல் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டார். “மாட்டேன், ஐயா.”

ஐசலே அம்மாள் ராப் ஐயா பக்கம் திரும்பி மெல்ல ஆரம்பித்தார். “பாருங்க, இப்படித்தான் ஆரம்பிக்கும். டாக்டர் காதுல ஒரு வார்த்த போட்டு வைக்கலாமா?”

ராப் ஐயா யோசித்தார். “விதி விதிதான். இந்த ஒரு வாரம் இருந்துட்டுப் போகட்டும். ஆனா ஹெட்விக், ஏதாவது கோளாறு ஆச்சுன்னா நான் டாக்டர்கிட்ட சொல்லித்தான் ஆகணும். உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

டாக்டர் என்றால் யார் என்று சொல்ல வேண்டும். அந்த ஊருக்கு ஒரே டாக்டர், அன்று ஊர்த்தலைவரோடும் ஆசிரியரோடும் கூடிப் பேசிய அதே மனிதர். போருக்குப் பிறகும் அவருக்கு ஒரு குறையும் இல்லை. ராப் ஐயாவின் முட்டிவலிக்கும் ஐசலே அம்மாளின் ரத்த அழுத்தத்துக்கும் அவர்தான் பார்க்கிறார். அவர் ஒரு கையெழுத்துப் போட்டால் ஹெட்விக் மறுபடி மலைக்குப் போக வேண்டியதுதான். ஹெட்விக்குக்கு அது தெரியும். கதவைச் சாத்திக்கொண்டார். அன்று நின்றுகொண்டே சாப்பிட்டார்.

திங்கட்கிழமை அதிகாலை வாளியோடு வெளியே வந்தபோது முதல் சிக்கல், எவ்வளவு சுத்தம் செய்வது என்பது. குறைத்துச் செய்தால் “முடியல, பாவம்” என்பார்கள். கூட்டிச் செய்தால் “ஒரே படிய மூணு தடவ தேய்க்கிறா, பழையபடி ஆரம்பிச்சிருச்சு” என்பார்கள். ஹெட்விக் வெகுநேரம் யோசித்து, ஐசலே அம்மாள் எப்படிச் செய்வாரோ அப்படியே செய்வது என்று முடிவு செய்தார். கதவுக்குப் பின்னால் நின்று கேட்ட பழக்கம் உதவிக்கு வந்தது. ஐசலே அம்மாள் பாதிப் படியில் வாளியை ணங்கென்று வைப்பார். ஹெட்விக்கும் வைத்தார். ஐசலே அம்மாள் நடுவில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு “அப்பாடா” என்பார். ஹெட்விக்கும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு “அப்பாடா” என்றார். இடுப்பு வலிக்கவே இல்லை.

படிகளுக்கு மெழுகு போட ஆசையாக இருந்தது. ஆனால் ராப் ஐயா வழுக்கிவிட்டால் அதுதான் கோளாறு. மெழுகு டப்பாவைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு மூடி வைத்தார். நடுவாரத்தில் பனி உறைந்தது. விடிவதற்கு முன்பே நடைபாதை முழுக்க அடுப்புச் சாம்பலைத் தூவி வைத்தார். ராப் ஐயா ரொட்டி வாங்க நடந்து போனார், நடந்து வந்தார். விழவில்லை. வாசலில் நின்று நடைபாதையை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

வியாழக்கிழமை டாக்டரே வந்தார், ராப் ஐயாவின் முட்டியைப் பார்க்க. ஹெட்விக் அப்போது வாசற்படியில் முட்டிபோட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். கையிலிருந்த துணி தானாக நின்றுவிட்டது. டாக்டர் தொப்பியைத் தூக்கினார். “பாத்து வரணும்போல, கண்ணாடி மாதிரி வச்சிருக்கீங்களே” என்று சொல்லிவிட்டு ஈரத்தைத் தாண்டிக் கால் வைத்து உள்ளே போனார். ஹெட்விக்கை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. எத்தனையோ பேரை அனுப்பியவருக்கு எத்தனை முகம்தான் நினைவிருக்கும். வாசலில் நின்ற ராப் ஐயா ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், படிகளைப் பார்த்தார், “முட்டிதான் டாக்டர், ராத்திரியெல்லாம் தூக்கமே இல்ல” என்றார். ஹெட்விக்குக்கு வந்த ஆத்திரத்தில் அந்த வாசற்படியை ஐசலே அம்மாளின் அளவுக்கு மீறித் தேய்த்துவிட்டார். நல்ல வேளையாக யாரும் பார்க்கவில்லை.

சனிக்கிழமை வந்தது. மேலிருந்து கீழ்வரை கழுவித் துடைத்து, நிலவறைப் படிகளையும் முடித்து, ஏப்ரனை மாற்றிக்கொண்டு, பலகையைக் கழற்றினார். எதிர்க்கதவில் டொக் என்று மாட்டினார். இவ்வளவு காலம் உள்ளிருந்து கேட்ட சத்தம், இப்போது தன் கையிலிருந்து வந்தது. பலகையை வாங்குகிறவர் கையைக் கட்டிக்கொண்டு நின்று, விட்டுப்போன இடத்தை விரலால் காட்டலாம் என்பது வழக்கம். காட்டினால் மறுபேச்சில்லாமல் துடைத்துக் கொடுக்க வேண்டும். ஐசலே அம்மாள் வெளியே வந்து கைப்பிடியைத் தடவிப் பார்த்தார். குனிந்து வெளிச்சத்துக்கு எதிராகப் படிகளைப் பார்த்தார். ஜன்னல் விளிம்பில் விரல் வைத்தார். “ம்” என்றார். காட்டுவதற்கு ஒன்றுமில்லை.

ஹெட்விக் உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். வாரம் முடிந்தது. கோளாறு இல்லை. காபிக்குத் தண்ணீர் வைக்க எழுந்தபோது வெளியே வாளி உருளுகிற சத்தம் கேட்டது. கதவைக் கொஞ்சம் திறந்து பார்த்தார். ஐசலே அம்மாள் மண்டியிட்டு, இப்போதுதான் கழுவிய படிகளை மேலிருந்து மறுபடி கழுவிக்கொண்டிருந்தார். நிறையத் தண்ணீர் ஊற்றி, பாட்டு முனகிக்கொண்டு, ஒரு நோயாளி தொட்டதைச் சுத்தம் செய்கிற கடமை முகத்தோடு.

அந்த ஒரு வாரமே நடக்கவில்லை என்று ஆக்கிக்கொண்டிருந்தார்கள். அடுத்த முறை பலகை இந்தக் கதவைத் தாண்டித்தான் போகும். கதவைச் சாத்திவிட்டுக் காபி குடிக்கலாம், கோளாறு இல்லாமல் இருக்கலாம், மலைக்குப் போகாமல் இருக்கலாம். ஹெட்விக் கதவை முழுசாகத் திறந்து வெளியே வந்தார். கையைக் கட்டிக்கொண்டு மேல்படியில் நின்றார். பிறகு ஒரு விரலை நீட்டினார்.

“அந்த மூலையில தண்ணி நிக்குது, ஐசலேம்மா.”

ஐசலே அம்மாள் நிமிர்ந்தார். முகம் சிவந்தது. கீழிருந்து ராப் ஐயாவின் குரல் வந்தது. “என்ன, மேல ஏதாவது கோளாறா?”

ஐசலே அம்மாள் ஹெட்விக்கைப் பார்த்தார். மூலையைப் பார்த்தார். அங்கே தண்ணீர் நின்றுகொண்டுதான் இருந்தது.

“ஒண்ணுமில்ல, ஐயா” என்று கீழே பார்த்துச் சொல்லிவிட்டு, துணியைப் பிழிந்து அந்த மூலையைத் துடைத்தார்.

ஹெட்விக் விரலை மடக்கவில்லை. அதைக் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தினார். ஐசலே அம்மாளின் துணியும் இடப்பக்கம் நகர்ந்தது.